அரை மாத்திரை மெய்

நான் சொல்றத நம்பாதவங்க எங்க வீட்டுச் சேவலக் கேட்டுக்கிடலாம், அது இன்னும் உசுரோடதான் திரியுது. கொடிப்புதூர் பஸ் ஸ்டாண்டுல எறங்கி பேச்சி வடைக்கடைன்னு கேட்டா பச்சப்புள்ள கூட வழி காட்டும். அந்தப் பங்குனியில எங்க ஊர்ல மாத்திரை முழுங்குனவங்களுக்கெல்லாம் பேச்சு நீள ஆரம்பிச்சது. பேச்சு நீளுறதுன்னா வாய் நீளுறது இல்ல, அது எங்க ஊர்ல ஆதியிலருந்தே நீளம்தான். எழுத்து நீண்டது. சொல்லோட மொத எழுத்து, வாய்க்குள்ள குறிலாக் கிளம்புனது வெளிய வந்து விழும்போது நெடிலா விழுந்தது.

மொத மொதல்ல என் காதுல விழுந்தது கண்டக்டர் குருநாதன் வாயிலருந்து. இடுப்பு வலிக்கு ஒரு மாத்திரையப் போட்டுட்டு வந்து கடை முன்னால நின்னுக்கிட்டு, "ரேண்டு வாடை கூடு"ன்னான். எனக்குச் சுருக்குன்னு ஏறிருச்சு. உளுந்த ஊறப்போட்டு, ஆட்டி, காலங்காத்தால சூடா எடுத்து வச்ச வடையில என்ன வாடையக் கண்டன்னு நான் பிடிபிடின்னு பிடிக்க, அவன் நான் வடைன்னுதான சொன்னேங்குறதையும் வாடைன்னே சொல்லி, பயந்துபோய் வாயப் பொத்திக்கிட்டுப் பஸ்ஸுல ஏறுனான். அங்க போய் "எறங்கு எறங்கு"ன்னு அவன் கத்துனது "ஏறங்கு ஏறங்கு"ன்னு கேட்டு, எறங்குன சனம் பூராவும் திரும்ப ஏறி, பஸ்ஸு அவங்கள அடுத்த ஊருக்குக் கொண்டுபோயிருச்சு.

மத்தியானத்துக்குள்ள ஊர்ல பாதிப்பேரு அப்படித்தான். மளிகைக்கடையில ஒருத்தி நாலு முட்டை கேக்கப்போய் நாலு மூட்டை கேட்டா. பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியார் புரியுதான்னு கேக்க நெனச்சு "பூரியுதா, பூரியுதா"ன்னு கேக்க, சத்துணவுக்கு இன்னைக்குப் பூரின்னு பிள்ளைக தட்ட எடுத்துக்கிட்டு வரிசையில நின்னுருச்சு. எங்க ஊர்த் தமிழய்யா அருளுடைநம்பி டீ குடிக்க வந்தவர், கண்ண மூடி எல்லாப் பேச்சையும் கேட்டு, ஒவ்வொருத்தரா என்ன முழுங்குனீங்கன்னு விசாரிச்சு, தொடையில ஒரு தட்டுத் தட்டுனார்.

"குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு ரெண்டு மாத்திரை. ஒண்ணு உள்ள போயிருக்கு, ஒண்ணு கூடியிருக்கு. இதுல அதிசயம் எங்க இருக்கு?"

அவ்வளவுதான், ஊருக்கு நிம்மதியாப் போச்சு. எங்க ஊர்க்காரங்களுக்கு எதுக்கும் ஒரு விதி இருந்தாப் போதும், காரணம் கேக்க மாட்டாங்க. ஒருத்தருக்கு நடந்தா அது பேய், ரெண்டு பேருக்கு நடந்தா அது சேதி, ஊருக்கே நடந்தா அது வழக்கம். மறுநாள் எல்லாரும் பழகிட்டாங்க.

ஆனா பழகுனதுல ஒரு சிக்கல். எங்க ஊர்ல மாத்திரைங்குறது வெத்தலை பாக்கு மாதிரி. மெடிக்கல் தனுஷ்கோடி அண்ணாச்சி கடையில டாக்டர் சீட்டெல்லாம் யாரும் கொண்டுபோறதில்ல, காய்ச்சலுக்கு ஒரு செட்டு, மேல்வலிக்கு ஒரு செட்டுன்னு கேட்டா வெள்ளையில ஒண்ணு, மஞ்சள்ல ஒண்ணு, ரோஸ்ல ஒண்ணுன்னு காகிதத்துல மடிச்சுக் குடுப்பார். பரிச்சைப் பயத்துக்குச் செட்டு உண்டு, மாமியா வந்துருக்கான்னா அதுக்கும் ஒரு செட்டு உண்டு. இத்தன நாள் அதை என் கடை டீயில முழுங்கிட்டு வாயத் தொடச்சுக்கிட்டுப் போனவங்க, இப்ப வாயத் தொறந்தா மாட்டுனாங்க. பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை "வணக்கம்"னு கும்பிடாம "வாணக்கம்"னு கும்பிட்டான், பொண்ணோட தகப்பன் ஒடனே என்ன மாத்திரை, எத்தன நாளா, எதுக்குன்னு ஆரம்பிச்சுட்டார். இன்னொரு பக்கம் நல்லதும் நடந்தது. பொண்டாட்டி சொன்னதுக்கெல்லாம் "சரி சரி"ன்னு தட்டிக் கழிச்ச ஆம்பளைக வாயிலருந்து "சாரி சாரி"ன்னு வந்து, பஜார்த் தெருவுல பாதிச் சண்ட ஓஞ்சுபோச்சு. அது எந்த மாத்திரைன்னு அண்ணாச்சிகிட்ட ரகசியமா விசாரிச்சுப் போன பொம்பளைகளும் உண்டு.

என் வீட்ல மட்டும் அந்தப் பாக்கியம் இல்ல. எங்க வீட்டுக்காரர் எதுக்கும் சரின்னு சொல்லமாட்டார், தப்புன்னு ஒத்துக்கிட்டதும் கிடையாது. எதைச் சொன்னாலும் "பாப்போம்"பார். அது முன்னாலயே நெடில், அதுல நீள எடமில்ல.

இதுக்கு நடுவுல லைன்மேன் சுந்தரபாண்டி வந்து நின்னான். பச்சத்தண்ணியத் தவிர எதையும் முழுங்காத பய. அவன் தலையில அடிச்சுச் சத்தியம் பண்றான், அதுவும் "சாத்தியமா நான் மாத்திரை போடல, சாத்தியமா நான் மாத்திரை போடல"ன்னுதான் வருது. சாத்தியமான்னு எங்களையே கேக்குறானேன்னு யோசிச்சு, அவன் திங்குறத ஒவ்வொண்ணா நோண்டிப் பாத்தா, ஞாயித்துக்கிழமை பிராய்லர் கோழி. கோழி முழுங்குனது இவன் நாக்குல ஏறியிருக்கு. அப்புறம் பாக்கெட் பால் குடிச்ச பிள்ளைக, அப்புறம் தோட்டத்துக் கத்திரிக்கா தின்ன பண்ணையார்னு ஒவ்வொருத்தரா வந்தாங்க. கடைசியா மெடிக்கலுக்குப் பின்னால இருக்குற ஊருணியில தவளைக ராகம் போட்டுக் கத்த ஆரம்பிச்சப்பதான், தேதி போன மாத்திரையெல்லாம் எங்க போகுதுன்னு தெரிஞ்சது. அண்ணாச்சி தலையத் தொங்கப்போட்டுக்கிட்டார். நாம முழுங்குனா நமக்குத்தான்னு நெனச்சிருந்தோம், ஊரு, மண்ணு, தண்ணி எல்லாம் நம்மகூடச் சேந்து முழுங்கிக்கிட்டு இருந்திருக்கு.

இப்ப எங்க வீட்டுக்காரர் கதைக்கு வாரேன். பேரு பரமசிவம், மைக் பரமசிவம்னாத்தான் தெரியும். ஆட்டோவுல கொழா ஸ்பீக்கர் கட்டிக்கிட்டு, கோயில் கொடை, காணாமப்போன ஆடு, கண் ஆஸ்பத்திரி முகாம், சாவு எல்லாத்தையும் ஊருக்குச் சொல்றவர். அவர் குரல்ல சாவுச் சேதியக் கேட்டா செத்தவருக்கே ஒரு மரியாதை வந்துரும். போன ஐப்பசியில ஒருநாள் நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தவர கவர்மெண்ட் ஆஸ்பத்திரி ரெஜினா டாக்டரம்மாதான் காப்பாத்துச்சு. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, இதை விட்டா ஆளு மிஞ்சமாட்டார் பேச்சி, நீ பாத்துக்கோன்னு டாக்டரம்மா எங்கிட்டதான் சொல்லுச்சு, அவர்கிட்ட சொன்னா பாப்போம்பார்னு அதுக்கும் தெரிஞ்சிருக்கு. அதனால ஊர்ல எல்லாருக்கும் செட்டு தீந்தா எழுத்து சுருங்கும், எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் ராத்திரி பகல் எந்நேரமும் நெடில்தான்.

அப்பத்தான் எண்ணெய்க்கடைச் சிதம்பரம் போய்ச் சேந்தார். அன்னாரது உடல் இன்று மாலை நாலு மணிக்கு எடுக்கப்படும்னு எத்தனையோ வருசமாச் சொன்ன வாய்தான். அன்னைக்கு அந்த வாய் பஜார் பூராவும், "ஆன்னாரது ஊடல் ஈன்று மாலை நாலு மாணிக்கு ஏடுக்கப்படும்"னு சொல்லிக்கிட்டே போச்சு. பாடை கட்டிக்கிட்டு இருந்தவங்க கயித்த விட்டுட்டு விழுந்து விழுந்து சிரிச்சாங்க. சிதம்பரம் பொண்டாட்டி ஒப்பாரிய நிப்பாட்டிட்டு வாசலுக்கு வந்து, உசுரோட இருக்கையில அந்த மனுசனுக்கு ஊடலும் தெரியாது கூடலும் தெரியாது, போன பெறகு மைக்குல வேற சொல்லணுமான்னு கேட்டுட்டு மறுபடியும் உள்ள போய் அழுதா. மகன்மாரு மானம் போச்சுன்னு சொல்லி ஆட்டோவத் திருப்பி அனுப்பிட்டாங்க.

அதுக்கப்புறம் அவர யாரும் கூப்பிடல. மைக்கத் துணியில தொடச்சுத் தொடச்சு மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பார். போறவன் வாரவன் ஒரு செட்டப் போட்டுட்டு "ஏன்ன பாரமசிவம்"னு கூப்பிட்டுட்டுப் போவான். அந்த மனுசன் பரமசிவம் பாரமசிவம் ஆனத ஒண்ணும் சொல்லாமக் கேட்டுக்கிட்டு இருந்தாரே, அதுதான் எனக்குத் தாங்கல. திட்டுனாக்கூடத் திருப்பித் திட்டல.

இந்த நேரத்துலதான் இயற்கை வேலுச்சாமிக்கு யோகம் அடிச்சது. கம்பு, சாமை, செக்கெண்ணெய், கருப்பட்டின்னு கடை வச்சிருக்குற ஆளு, வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு, காலையில எந்திரிச்சா உச்சி வரைக்கும் மௌனவிரதம். ஏதாவது கேட்டா சிலேட்டுல எழுதிக் காட்டுவார். உச்சிக்கு மேல வாயத் தொறந்தா மட மடன்னு குறில் சுத்தமா வரும். மாத்திரையே தீண்டாத நாக்குன்னா இதுதான்னு ஊரே அவர் பக்கம் சாஞ்சது. நானும் சாஞ்சேன், மறைப்பானேன், வடைச்சட்டிக்குச் செக்கெண்ணெய் மாத்துனதே அவர் பேச்சக் கேட்டுத்தான். அவர் சொன்னதுல முக்காவாசி நல்ல சேதி. பசிச்சாச் சாப்பிடு, பொழுதோட சாப்பிடு, சும்மா சும்மா செட்டு வாங்காத, மேல்வலின்னா ஒருநாள் படுத்து எந்திரின்னார். சனம் கேட்டுச்சு. சுக்குத்தண்ணியும் ரசமும் குடிச்சுட்டுத் தூங்குச்சு, ஊர்ல பாதி நோவு காணாமப் போச்சு. மிச்சப் பாதி நோவு என்னாச்சுன்னுதான் யாரும் கேக்கல.

வேலுச்சாமி மாத்திரையில்லா ஊர்னு ஒரு விழா ஏற்பாடு பண்ணுனார், பஜார்ல பந்தல் போட்டு, வெளியூர்ப் பெரிய ஆளுக வர்ற விழா. அவங்களுக்குச் சாயந்தரம் தோதில்ல, அதனால காலையில. அந்நேரம் அவர் மௌனம். அவர் பேச்ச இன்னொருத்தர் வாசிக்கணும், நல்ல குரலா இருக்கணும், முக்கியமா குறில் குறிலாவே இருக்கணும். உச்சி சாஞ்சதும் நேரா எங்க வீட்டுக்கு வந்து எங்க வீட்டுக்காரர் மடியில இருந்த மைக்கத் தொட்டுக் கும்பிட்டு, நீங்க மட்டும் அன்னைக்கு நல்லாப் பேசிட்டீங்கன்னா ஜில்லா பூராவும் உங்க குரல்தான் அண்ணாச்சின்னு சொல்லிட்டுப் போனார். எங்க வீட்டுக்காரர் கண்ணுல ரொம்ப நாளுக்கப்புறம் வெளிச்சத்தப் பாத்தேன்.

கொஞ்ச நாள்ல அவர் பேச்சு சுருங்க ஆரம்பிச்சது. கடைன்னா கடைன்னே வந்தது, காடைன்னு வரல. மாத்திரை போடுறீங்களா இல்லையான்னு நேராக் கேட்டேன்.

"டாக்டரம்மா அரை மாத்திரையாக் கொறச்சிருச்சு. அரை மாத்திரை மெய்யெழுத்துக்குத்தான் போகும், உயிரெழுத்துல ஏறாது. வேணும்னா தமிழய்யாவக் கேட்டுப் பாரு."

கேட்டேனே. டீய ஆத்திக்கிட்டே தமிழய்யாவக் கேட்டேன். மெய்யெழுத்துக்கு அரை மாத்திரைதான், நன்னூல்லயே இருக்குன்னு அவரும் தலைய ஆட்டுனார். நானும் கூறுகெட்டவ, இலக்கணமே சொல்லும்போது பொய் இருக்குமான்னு நம்பிட்டேன். மெய்ய வச்சுப் பொய் சொன்ன மனுசன உலகத்துல வேற எங்கயாவது பாத்திருக்கீங்களா? அவர் ராகமா என் பேரக் கூப்பிட்டுக்கிட்டு வீட்டுக்குள்ள நடக்குறதப் பாத்து நான் சந்தோசப்பட்டேன்.

விழா அன்னைக்குப் பந்தல் பக்கத்துல எண்ணெய்ச் சட்டி வைக்கக்கூடாதுன்னு வேலுச்சாமி கட்டளை. அதனால கடையப் பூட்டிட்டு வீட்ல இருந்தேன். மத்த நாள்ல சேவல் கூவுறதுக்கு முன்னாலயே நான் கடைக்குப் போயிருவேன், அன்னைக்குத்தான் எங்க சேவல் கூவுறத ரொம்ப நாளுக்கப்புறம் காது குடுத்துக் கேட்டேன்.

கோக்கரக்கோன்னு கூவுச்சு.

ஒரு தடவ என் காதுதான் சரியில்லன்னு நெனச்சேன். மறுபடியும் கோக்கரக்கோ. ஒங்க சேவலுக்கு என்ன மதினி நோவுன்னு பக்கத்து வீட்டுக்காரி அந்த வாரம் கேட்டது அப்பத்தான் எனக்கு ஒறச்சது. பெட்டையக் கண்டா வெரட்டோ வெரட்டுன்னு வெரட்டுற சேவல், ரிட்டயர் ஆன தாசில்தார் மாதிரி முத்தத்துல நிதானமா நடந்துக்கிட்டு இருந்தது. ஓடிப்போய் அது தட்டப் பாத்தேன். பழைய சோத்துக்குள்ள பாதி கரைஞ்சு கெடக்கு மஞ்ச மாத்திரை, என் புருசன் நெஞ்சுக்குள்ள இருக்க வேண்டிய மாத்திரை. அவர் எப்பவோ பந்தலுக்குப் போயாச்சு. மாத்திரை அட்டைய இடுப்புல சொருகிக்கிட்டு நான் ஓடுன ஓட்டத்த ஊரு இன்னும் சொல்லும்.

பஜார்ல எள்ளு போட்டா எள்ளு விழாது. மேடையில வேலுச்சாமி மடியில சிலேட்டோட கண்ண மூடி உக்காந்திருக்கார், எங்க வீட்டுக்காரர் மைக் முன்னால நிக்கார். அன்புக்குரிய ஊர் மக்களே, உணவே மருந்து, மருந்தே உணவுன்னு மணி மணியா வருது, ஒரு எழுத்து நீளல. நான் கூட்டத்த இடிச்சுக்கிட்டு முன்னால போறேன், நிப்பாட்டுங்கன்னு கத்துறேன், எல்லாரும் கை தட்டுறாங்க. அவர் அடுத்த சொல்ல ஆரம்பிச்சவர் பாதியில நிறுத்துனார். கை நெஞ்சுக்குப் போச்சு. மைக்க விடாமப் பிடிச்சுக்கிட்டே சரிஞ்சார், கொழாயெல்லாம் ஓன்னு கத்துச்சு.

ஆட்டோவுல தூக்கிப் போட்டாச்சு. ஆஸ்பத்திரி பஜாரோட அந்தக் கோடியில. நடுவுல ஊரே நிக்குது, என்ன என்னன்னு எட்டிப் பாக்க எல்லாரும் முன்னாலதான் வாராங்களே தவிர ஒருத்தரும் ஒதுங்கல. ஆட்டோக்காரன் ஹாரன் விழாச் சத்தத்துல கேக்கல, என் குரல் எனக்கே கேக்கல. அவர் தலை என் மடியில, நெத்தி சில்லுன்னு வேர்த்துக்கிடக்கு. இந்தக் குரலத் தவிர இந்த ஊருக்கு வேற குரல் கிடையாது, அதுவும் என் மடியில கெடக்கேன்னு நான் மேடையப் பாத்தேன். வேலுச்சாமி எந்திரிச்சு நின்னார். சிலேட்டு கீழ விழுந்து உடஞ்சது. என்னை ஒரு பார்வை பாத்தார், கீழ கெடந்த மைக்க எடுத்தார். உச்சிக்கு இன்னும் நேரம் இருந்தது.

"வாழி வீடுங்க! ஊசுரு போகுது, வாழி வீடுங்க!"

பஜார் அப்படியே நின்னுபோச்சு. எவனோ ஒருத்தன் சிரிச்சான், ரெண்டு பேர் சிரிச்சாங்க, அவர் நிறுத்தல, மானம் போனா மசிரே போச்சுன்னு வாழி வீடுங்க, வாழி வீடுங்கன்னு தொண்ட கிழியக் கத்துனார், கண்ணுல தண்ணி ஊத்துது, வெள்ளைத் துண்டு எங்கயோ விழுந்து கெடக்கு. சிரிச்ச சனம் நின்னுச்சு. முன்னால நின்னவங்க ஒதுங்கி, பின்னால திரும்பி, அவர் சொன்னதையே அப்படியே சொன்னாங்க. மாத்திரை போட்டவன் சொன்னான், போடாதவனும் சொன்னான், சிதம்பரம் மகன்மாரு சொன்னாங்க, தனுஷ்கோடி அண்ணாச்சி கடையவிட்டு எறங்கி வந்து ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டுச் சொன்னார், வாழி வீடு, வாழி வீடுன்னு வாய்க்கு வாய் மாறி அந்தக் கோடி வரைக்கும் போச்சு, அந்தச் சொல்லு போன வழியிலயே எங்க ஆட்டோவும் போச்சு.

ரெஜினா டாக்டரம்மா உள்ள என்ன பண்ணுச்சோ, வெளிய வந்து அவர் பொழச்சிட்டார்னு சொல்லிட்டு, அப்புறம் கூடி நின்ன ஊரையே ஒரு வாங்கு வாங்குச்சு. நான் எழுதிக் குடுக்கிறத முழுங்க மாட்டேங்குறீங்க, எழுதிக் குடுக்காதத முழுங்குறீங்க, உங்களுக்கு நான் என்னத்துக்குன்னு கேட்டுச்சு. யாரும் வாயத் தொறக்கல, தொறந்தா நீளுமோன்னு பயம். வேலுச்சாமி ஆஸ்பத்திரிச் செவத்துல சாஞ்சு உக்காந்து, "ஏனக்குச் சாக்கரை, பேச்சிக்கா, ரோம்ப வாருசமா"ன்னு அழுதார். காலையில போடுற மாத்திரையோட வேகம் உச்சியில எறங்குற வரைக்கும்தான் அந்த மௌனமெல்லாம். அவர ஆஞ்சு எடுக்கணும்னுதான் போனேன். ஒன் கம்புல என்ன கொற, ஒன் எண்ணெயில என்ன கொற, அதை விக்க இந்தப் பொய்யி எதுக்குய்யான்னு திட்டிட்டு, யாரோ எனக்கு வாங்கித் தந்த டீயில பாதிய அவருக்கு ஊத்திக் குடுத்தேன்.

இப்ப அவர் காலையிலயே கம்பங்கூழக் குடிச்சுட்டு எல்லார் முன்னாலயும் மாத்திரையப் போட்டுக்கிட்டு நெடில் நெடிலாத்தான் யாவாரம் பாக்கார், முன்னவிடக் கூட்டம். அண்ணாச்சி கடையில செட்டு ஓடல, டாக்டரக் கேக்காம மாத்திரை போட்டா ஊருக்கே கேட்டுருமே. ஊருணியத் தூர்வாரிட்டோம், தவளைக பழைய சுருதிக்கு வந்துக்கிட்டு இருக்குதுக. எங்க வீட்டுக்காரர மறுபடியும் கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க, வேற குரல்ல சொன்னா சாவுன்னே தோணலையாம். எங்க ஊர்ல இன்னைக்கும் ஒருத்தர் போனா ஊடல் எப்ப எடுக்காங்கன்னுதான் கேப்பாங்க, யாரும் சிரிக்கிறதில்ல.

ஆனா நான் சொல்ல வந்தது அது இல்ல. அன்னைக்குச் சாயந்தரம் அவர் கண்ணத் தொறந்தார். மாத்திரை உள்ள எறங்கியிருந்தது. நான் கட்டில் பக்கத்துல உக்காந்து, அழுகைய அடக்கிக்கிட்டு, இடுப்புல இருந்த அட்டைய எடுத்துக் காட்டுனேன்.

"சேவலுக்குப் போட்டத இனிமே நீங்க போடுவீங்களா மாட்டீங்களா?"

அவர் மேல சுத்துற ஃபேனப் பாத்தார், அட்டையப் பாத்தார், என்னப் பாத்தார். பாப்போம்னு வரப்போகுதுன்னு நான் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்.

"சாரி"ன்னார்.

அவர் சரின்னு சொல்ல வந்து அது நீண்டுச்சா, இல்ல சொல்ல வந்ததே அதுதானான்னு நான் கேக்கல. ஒரு மாத்திரையோ ரெண்டு மாத்திரையோ, எல்லாம் எனக்கு வரவேண்டியதுதான்னு வாங்கி முந்தானையில முடிஞ்சுக்கிட்டேன்.